எண்ணெய் போல்ட்டில் கட்டிய கம்பி

அக்கா பரிசோதகரைப் பார்க்க வந்த அன்று மழை பெய்ததா இல்லையா என்பது நேரக்காப்பாளருக்கு இப்போது நிச்சயமில்லை. ஒரு சுற்றின் நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்குவரை எழுதி வைத்தவள் அவள். ஆனால் அந்த மதியத்தை நினைத்தால் ஒரு தடவை தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்கிறது, அடுத்த தடவை வெயில் அடிக்கிறது. பேசிய பேச்சு மட்டும் மாறாமல் இருக்கிறது. அதுவும் சரிதானா என்று கேட்டால் அவள் சத்தியம் செய்ய மாட்டாள்.

நாட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கென்று இருந்த ஒரே தளம் அது. கைவிட்ட விமான நிலையத்தின் மேல் நாற்பது வருடங்களுக்கு முன் போட்டது. தேசியப் பட்டம் அங்கேதான் முடிவாகும். பந்தய உரிமம் வேண்டுமென்றால் அங்கேதான் ஓட்டிக் காட்ட வேண்டும். அங்கே இறங்கும் ஒவ்வொரு வண்டியையும் முப்பது வருடம் குனிந்து பார்த்தவர் பரிசோதகர். லேசில் யாரையும் விடமாட்டார் என்பதால் ஓட்டுநர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை எமன் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் பரிசோதனைக் கொட்டகையின் ஓரத்தில் அவருடைய நாற்காலி இருந்தது. விளங்காத விபத்து என்றால் ஜனங்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். நேரக்காப்பாளர் அவருக்குக் குறிப்பெழுதுவாள். கேட்காத யோசனைகளையும் சொல்வாள்.

அக்கா மெக்கானிக். அவள் தம்பி ஓட்டினான், அவள் வண்டி கட்டினாள். அவன் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு, அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். மூன்று வாரங்களுக்கு முன்பு, பந்தயத்தின் ஏழாவது சுற்றில், அந்தத் தளத்தின் நீண்ட வளைவில் தம்பி விழுந்து இறந்து போனான். இன்ஜின் அடியில் எண்ணெய் வடிக்கும் போல்ட் கழன்று, எண்ணெய் பின்சக்கரத்தில் கொட்டியிருந்தது. அதிர்வில் கழலாமலிருக்க அந்த போல்ட்டைக் கம்பியால் கட்டிப் பிணைப்பது வழக்கம்.

அவள் ஒரு சாக்குப் பையை மேசைமேல் வைத்தாள்.

"அந்த போல்ட்டுக்கு நான் கம்பி கட்டலைன்னு விசாரணைக் குழு எழுதிட்டாங்க சார். ஆயுசு முழுக்க எனக்குத் தடை. அது போகட்டும். நான் கட்டினேனா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"உனக்குத் தெரியாதா?"

"கட்டினேன்னுதான் ஞாபகம். ஆனா ஆயிரம் தடவை கட்டியிருக்கேன். எந்தத் தடவையோட ஞாபகம் இதுன்னு தெரியலை. அப்பாவே குழுவுல சொன்னார், 'அவ நல்லாத்தான் செய்வா, அன்னிக்கு அசதியா இருந்திருப்பா'ன்னு. அதுக்கப்புறம் எனக்கும் அப்படித்தான் தோணுது."

அவள் அப்பா மூன்று முறை தேசியப் பட்டம் வென்றவர். எல்லோருக்கும் அவர் சாம்பியன். வாசலில் அவர் படம் மாட்டியிருந்தது.

"பந்தயத்தன்னிக்குக் காலைல வண்டிய சோதிச்சவர் என்ன சொல்றார்?"

"சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கார். இப்பக் கேட்டா ஞாபகமில்லைங்கறார்."

"பைய நீ பிரிச்சுப் பாத்தியா?"

"கை வரலை சார். குழுவுலயும் யாரும் இதப் பிரிக்கலை, போல்ட் கழண்டதே போதும்னுட்டாங்க."

பரிசோதகர் அவளை அனுப்பிவிட்டுப் பையைப் பிரித்தார். இன்ஜினின் அடிப்பாகம் இருந்தது. புல்வெளியில் கண்டெடுத்த போல்ட் இருந்தது. போல்ட்டின் தலையிலும், அதைப் பிணைக்க இன்ஜினில் இருக்கும் காதுபோன்ற வளையத்திலும் அறுந்த கம்பித் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நேரக்காப்பாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"எதிர் டீம் மெக்கானிக்கோட வேலை சார். அன்னிக்கு அவன் முழியே சரியில்லை."

"முழிய வச்சுப் பிடிக்கறதுன்னா மொதல்ல என்னத்தான் பிடிக்கணும். இங்க பாரும்மா. கம்பிய அறுத்துட்டுத் திரும்பக் கட்டியிருக்காங்க. கெடுக்க வந்தவன் ஏன் கட்டிட்டுப் போறான்?" அவர் கம்பியின் நுனியைக் காட்டினார். அது அழகாக உள்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. "ஓட்டறவனோட காலைக் கிழிச்சிடக் கூடாதுன்னு நுனிய மடக்கி விட்டிருக்காங்க."

பிறகு அவளுடைய நேரத் தாள்களைக் கேட்டார். முந்தைய நாள் தேர்வு ஓட்டத்தைவிடப் பந்தயத்தில் தம்பி ஒவ்வொரு சுற்றிலும் அரை நொடி வேகமாக ஓடியிருந்தான். உயிரைக் கொடுத்து ஓட்டினான் என்று எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

"எல்லாச் சுற்றுலயும் ஒரே அரை நொடியா?"

"ஆமா சார். கோடு போட்ட மாதிரி."

"ஆளோட தைரியம் ஏறி எறங்கும்மா. இது வண்டி."

சோதனை முடிந்த வண்டிகளைப் பந்தயம்வரை பூட்டி வைக்கும் கொட்டகையில், உள்ளே போகிறவர்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டையும் பார்த்தார்கள். பந்தயத்தன்று ஒரு பெயரும் இல்லை. காவலாளி, "ஒரு ஈ காக்கா உள்ள போகலை சார்," என்றான்.

மறுநாள் மதியம் பரிசோதகர் அக்காவையும் சாம்பியனையும் காவலாளியையும் பரிசோதனைக் கொட்டகைக்கு வரச் சொன்னார். சாம்பியன் சட்டையை மடித்துவிட்டு நேராக உட்கார்ந்தார். இன்ஜின் பக்கம் அவர் பார்வை போகவேயில்லை.

"அக்கா," என்றார் பரிசோதகர், "நீ எப்படிக் கம்பி கட்டுவே? கட்டிக் காட்டு."

அவள் ஒரு கம்பியை எடுத்து மாதிரி போல்ட்டில் கோத்து, இரண்டு புரியாக்கி, முறுக்குக் குறட்டால் சீராக முறுக்கிக் காட்டினாள். முறுக்கு சடை பின்னியதுபோல ஒரே அளவாக விழுந்தது.

"இருபது வருஷமா எல்லாரும் இப்படித்தான் கட்டறாங்க. இப்ப இதப் பாரு. ஒத்தைக் கம்பி, முறுக்கே இல்லை. சாதாரணக் குறடு. இது முறுக்குக் குறடு வர்றதுக்கு முன்னால கட்டின முறை. அதோட, போல்ட்ட இறுக்கற பக்கமா இழுக்க வேண்டிய கம்பி தளர்ற பக்கமாப் போயிருக்கு. இது உன் கட்டு இல்லம்மா. உன் கட்ட யாரோ வெட்டி எடுத்திருக்காங்க."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் கட்டினேன்," என்றாள், தனக்குத்தானே.

"எதுக்கு வெட்டணும்?" என்றாள் நேரக்காப்பாளர்.

"இந்த நீள வளைவுல எண்ணெய் ஒரு பக்கமா ஏறி, இன்ஜின மூச்சு முட்ட வைக்கும். அதனால ஆரம்ப நாள்ல இங்க ஓட்டினவங்க பந்தயத்துக்கு முன்னால ஒரு டம்ளர் எண்ணெய் எறக்கிடுவாங்க. அரை நொடி கிடைக்கும். வெளிநாட்டு ட்ராக் எதுலயும் அதுக்கு அவசியமில்லை. தப்புன்னு நான்தான் தடை பண்ணினேன். இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது." அவர் காவலாளியிடம் திரும்பினார். "யாரும் உள்ள போகலையா?"

"யாரும் போகலை சார். சாம்பியன் சார் மட்டும் எல்லாரும் சாப்பிடப் போனப்போ வந்தார். அவர்கிட்டப் போய்க் கையெழுத்துக் கேக்கறதா?"

வெளியே யாரோ இரும்புப் பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் வளைவுவரை போய் அடங்கியது.

"ஒரு டம்ளர்தான் எடுத்தேன்," என்றார் சாம்பியன். "அவனுக்குக் கூடத் தெரியாது. ஜெயிச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"உங்க பழைய வண்டில அந்த போல்ட் எதிர்ப் பக்கம் இருக்கும்," என்றார் பரிசோதகர் மெதுவாக. "கை அந்தப் பழக்கத்துலயே கட்டிடுச்சு."

"என் கட்டு ஒரு தடவை கூட அவுந்ததில்லை."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நான் அசதியா இருந்தேன்னு சொன்னீங்களேப்பா."

"சொல்லிச் சொல்லி நானும் நம்பிட்டேன்மா. அப்படித்தான் இருக்கும்னு."

"மூணு வாரமா எனக்குச் சோறு போட்டு, சாப்பிடு சாப்பிடுன்னு பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க."

அவள் எழுந்து பையைக் கட்டினாள்.

"அறிக்கை எழுத வேண்டாம் சார். நான் கேட்டது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இவருக்கு இனிமே என்ன விட்டா யாரு இருக்கா?"

"எழுதாம இருக்க முடியாதும்மா. கையெழுத்தில்லாம ஒருத்தர் உள்ள போகலாம்னா, அடுத்த பந்தயத்துல இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளை."

"அப்போ எனக்கு இவரும் இல்லை," என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அவரும் அவளும் ஒரே பைக்கில்தான் வந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் அதிலேயே திரும்பிப் போனார்கள், அவள் ஓட்ட, அவர் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

பரிசோதகர் நான்கு பக்க அறிக்கை எழுதினார். நேரக்காப்பாளர் அதைச் சுத்தமாகப் படியெடுத்து, குழுவின் அலுவலகத்தில் நேரிலேயே கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்து ஒரு வரி பதில் வந்தது: விசாரணை முடிந்துவிட்டதால் புதிய ஆவணங்கள் ஏற்கப்படமாட்டா.

அக்காவின் தடை நீங்கவில்லை. அவள் ஒரு பம்ப்செட் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சாம்பியன் அவள் வீட்டு முன்னறையில் நான்கு வருடம் இருந்து இறந்து போனார். அந்த நான்கு வருடமும் அவர்கள் சாப்பாடு, மருந்து தவிர வேறு எதையும் பேசிக்கொள்ளவில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். காவலாளியை மாற்றவில்லை. பதிவேட்டையும் மாற்றவில்லை. அடுத்த வருடம் அதே வளைவில் இன்னொருவன் விழுந்தான். அதற்குக் காரணம் வேறு. தளத்தின் தேசிய உரிமம் அதோடு போயிற்று. இப்போது அங்கே விற்பனைக்குப் போகும் கார்களை வரிசையாக நிறுத்தி வைக்கிறார்கள். பரிசோதகருக்குக் கண் பார்வை போய்விட்டது. நேரக்காப்பாளர் ஒரு பேருந்துப் பணிமனையில், வண்டிகள் கிளம்பும் நேரத்தை எழுதுகிறாள்.