வெறுந்தூளி

வெறும் தூளிக்கு இவ்வளவு கனம் இருக்காதே என்று அனுசியாவின் கைக்குத்தான் முதலில் தட்டுப்பட்டது.

பதினாலு மாதமாக அந்தக் கை சும்மா இருந்ததில்லை. மகன் திலீபன், புடவைத் தூளி ஆடினால் தூங்குவான், நின்றால் ஊரைக் கூட்டுவான். புருஷன் இளவழகனுக்குச் செராமிக் கம்பெனியில் சூளைப் பக்கம் நைட் ஷிப்ட். போன வாரம் அடுப்பில் பால் தீய்கிறவரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், அவ்வளவு அசதி.

"முழிச்சிருக்கறப்பவே பாயில படுக்க வையிம்மா. அழுதா ஒடனே தூக்காத. ஆட்டறதக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்து," என்றார் ஆஸ்பத்திரி நர்சம்மா.

அனுசியா அதில் தன் யோசனையையும் சேர்த்துக்கொண்டாள். பிள்ளையைப் பாயில் விட்டு, தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி அடுத்த அறைக்கு நீட்டி, அங்கிருந்தே வெறும் தூளியை ஆட்டினாள். கொக்கி கிரீச்சிடுவதைக் கேட்டபடியே அவன் தூங்கிப்போனான்.

"வெறுந்தூளிய ஆட்டக் கூடாதும்பாங்க, அனு. வேற ஏதாச்சும் வந்து படுத்துக்குமாம்," என்றான் இளவழகன், வேலைக்குக் கிளம்பும்போது.

"அப்ப நீங்க இருந்து ஆட்டுங்க. நான் தூங்குறேன்."

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இது மூன்றாம் ராத்திரி. கரண்ட் போய், மின்விசிறி நின்று, ஜங்ஷன் பக்கம் ரயில் பெட்டிகள் மோதும் சத்தமும் ஓய்ந்து, பிள்ளையின் அறையிலிருந்து ஈரக் களிமண் வாசம் மெல்லக் கசிந்துகொண்டிருக்க, கயிறு அவள் இழுப்புக்கு மந்தமாக வந்து மந்தமாகத் திரும்பியது. பிள்ளை ஏறிவிட்டானோ? அவனுக்கு எட்டாத உயரம். எழுந்து போனால் விழித்துக்கொள்வான், மூன்று ராத்திரிப் பாடும் வீண். உள்ளதைச் சொன்னால், அந்த நேரம் அவளுக்குப் பயத்தைவிடத் தூக்கம்தான் பெரிதாக இருந்தது. இன்னும் பத்து முறை இழுத்தாள்.

பிறகு கயிற்றை விட்டாள்.

கிரீச் நிற்கவில்லை.

சிம்னி விளக்கை எடுத்தாள். வாசற்படி. பாய். பாயில் பிள்ளை இல்லை.

தூளி கனத்தில் தொய்ந்து தரையை உரசியபடி ஆடியது. உள்ளே, வளர்ந்த ஆள் ஒருக்களித்து முடங்கிய நீளம். பக்கத்தில் திலீபன் உட்கார்ந்திருந்தான். அழவில்லை. அவள் அவனைத் தட்டுவாளே, அதே தாளத்தில் தூளியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"சாமி, அம்மாகிட்ட வா."

தட்டிய கையை எடுத்து, விரலை உதட்டில் வைத்தான்.

தூளி அசைந்தது. புடவை விலகியது. களிமண் நிறத்தில் ஒரு நீளக் கை வெளியே வந்து, அவன் கையைப் பிடித்து, மறுபடி தன்மேல் வைத்துக்கொண்டது.