மூன்றாவது தட்டல்

மே மாதத்து மாலை நான்கு மணிக்கு அபீலியோ அந்தத் தெருவின் செங்குத்தான படிகளை ஏறி முடித்தபோது, லொரென்சோ ஒரு கையில் சோள ரொட்டிப் பொட்டலமும் மறு கையில் ஒயின் புட்டியுமாகக் கதவருகே நின்றிருந்தார்.

"என்னடா, பாதிப் படியிலேயே உயிரை விட்டுட்டியோன்னு நெனச்சேன்."

"உன்னை முன்னால அனுப்பி வெச்சுட்டுத்தாண்டா நான் வருவேன்."

இருவருக்கும் எழுபத்து நான்கு வயது. பல்கலைக்கழக ஊரான கோயிம்ப்ராவின் மேட்டில், பழைய பேராலயத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மூன்று மாடி வீட்டில் ஒரு காலத்தில் நான்கு மாணவர்கள் குடியிருந்தார்கள். அந்த ஊரில் மாணவர்கள் கூடி நடத்தும் வீட்டைக் குடியரசு என்பார்கள். இது 'கிழிந்த குடைக் குடியரசு'. ஓர் ஆண்டை நூறு ஆண்டாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு மே மாதமும் பழைய ஆட்கள் திரும்பி வந்து நூற்றாண்டு விழா விருந்து சாப்பிடுவது அங்கே வழக்கம். இன்று வீட்டுக்கு ஆறாயிரத்து நூறு வயது. நாளை முதல் அது சுற்றுலா விடுதியாகப் போகிறது.

விடுதிக்காரர்கள் அனுப்பிய தெல்மா என்ற பெண் சாவியோடு வந்தாள். "ஆறு மணிக்கு நான் பூட்டணும் டாக்டர்" என்றாள். பட்டம் வாங்கியவன் யாராக இருந்தாலும் அந்த ஊருக்கு அவன் டாக்டர்தான். "மின்சாரம் கிடையாது. நாலாவது படி உளுத்துப்போச்சு, பார்த்து ஏறுங்க. மேல ஒரு பெரிய மேசையும் நாலு நாற்காலியும்தான் மிச்சம். மேசையைக் காலையில அறுத்து எடுத்துடுவாங்க."

"அறுத்தா?" என்றார் அபீலியோ.

"வாசல் வழியா வெளிய போகாது டாக்டர். எப்படித்தான் உள்ள கொண்டுவந்தாங்களோ."

அதைக் கேட்டதும் அவருடைய முகம் மாறியதை லொரென்சோ கவனித்தார்.

உள்ளே இருட்டு. ஜன்னல் பலகைகள் சாத்திக் கிடந்தன. சுண்ணாம்பு உதிர்ந்த வாடையும், எலிப்புழுக்கை நாற்றமும், அவற்றுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. நனைந்த கம்பளியின் வாடை. மழையில் நனைந்த கறுப்பு மாணவர் மேலங்கிகளை நான்கு பேரும் ஒரே கொடியில் போடும்போது வரும் வாடை.

"உனக்கு மணக்குதா?"

"எனக்கு மூக்கு செத்துப் பத்து வருஷமாச்சு" என்றார் லொரென்சோ.

மேசையின் ஓரத்தில் மெழுகுவத்தியை ஏற்றி வைத்து உட்கார்ந்தார்கள். அவரவர் பழைய இடத்தில்தான். லொரென்சோ சுவரோரம், அபீலியோ ஜன்னலுக்கு முதுகு காட்டி. எதிரே இருந்த நாற்காலி பல்தசாருடையது. அவர் போன குளிர்காலத்தில் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். கதவுப் பக்கம், மேசையின் தலைமாட்டில் இருந்த நாற்காலி எர்மீனியோவுடையது. அது ஐம்பத்திரண்டு ஆண்டுகளாகக் காலி.

முதல் கோப்பையில் லொரென்சோ பழைய கதைகளை அவிழ்த்தார். நால்வருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல ஜோடி ஷூ இருந்தது. வாய்மொழித் தேர்வு யாருக்கோ அவனுக்குத்தான் அன்று ஷூ.

"பல்தசாருக்கு ரெண்டு அளவு சின்னது. ரோமானியச் சட்டத்துக்கு நொண்டிக்கிட்டே போனானே! 'ஏன் கண் கலங்குது?'ன்னு பேராசிரியர் கேட்டாரு. 'சட்டத்தோட அழகு ஐயா'ன்னான் படுபாவி. இருபதுக்குப் பதினாறு மார்க்!"

அபீலியோவும் சிரித்தார். அந்த வீட்டில் பசி இருந்தது, குளிர் இருந்தது, குளியல் தொட்டி முழுக்கக் கரி இருந்தது. விடியற்காலையில் 'ஆடு' என்று எல்லோரும் திட்டும் பல்கலைக்கழகக் கோபுர மணி அடிக்கும்போது, நான்கு குரல்கள் சேர்ந்து அதற்குக் கெட்ட வார்த்தையில் பதில் சொல்லும். அதைவிட நல்ல காலம் ஒன்று தன் வாழ்க்கையில் இருந்ததில்லை என்று அவருக்குத் தெரியும். கொடுமையே அதுதான்.

இரண்டாவது கோப்பையை அவர் தொடவில்லை.

"லொரென்சோ, ஒரு வாக்கெடுப்பு வைக்கணும்."

"எதுக்கு? வீட்டை வித்தாச்சு."

"எர்மீனியோ போறதுக்கு."

லொரென்சோ கோப்பையைக் கீழே வைத்தார்.

அந்த வீட்டில் எதையும் எல்லோரும் ஒப்பினால்தான் செய்வார்கள். பெரும்பான்மை என்ற பேச்சே கிடையாது. ஒப்புகிறவன் விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு தட்டுவான். ஒப்பாதவன் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்வான். ஒரு கை கீழே இருந்தாலும் போதும், காரியம் நின்றது. இந்த மேசையில் முடிவானதை இதே மேசையில், வாக்களித்த அதே ஆட்கள்தான் மாற்ற முடியும்.

ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு வசந்தத்தில், எர்மீனியோ படிப்பில் ஓர் ஆண்டு தோற்றிருந்தான். அதனால் ஆப்பிரிக்கப் போருக்கு ஆளெடுக்கும் ஓலை வந்துவிட்டது. எல்லை தாண்டிப் பிரான்சுக்குக் கூட்டிப்போக ஒருவன் வியாழக்கிழமை எல்லையோரக் கார்தா ஊரில் காத்திருப்பதாக ஏற்பாடு. சொல்லாமலே போயிருக்கலாம். ஆனால் அவன் போனால் ரகசியப் போலீஸ் மற்ற மூவரையும் நோண்டும். அதனால் மேசையில் வைத்துக் கேட்டான். "உங்க தலை உருளும்டா. நீங்க சரின்னாத்தான் போவேன்."

லொரென்சோ தட்டினான். பல்தசார் தட்டினான்.

அபீலியோவின் கை கீழே இருந்தது.

"நாலே நாள்டா. மாணவர் விழா முடியட்டும். வெள்ளிக்கிழமை நீ இல்லாம யாருடா கிதார் வாசிப்பா? வழிகாட்டி அடுத்த வாரமும் வருவான்" என்றான் சிரித்துக்கொண்டே. எர்மீனியோ அவனைப் பார்த்துவிட்டு, "சரி" என்றான்.

வெள்ளிக்கிழமை, அபீலியோ காதலித்த ஒலிம்பியாவின் ஜன்னலுக்குக் கீழே எர்மீனியோ வாசித்தான், அபீலியோ பாடினான். மேலே விளக்கு மூன்று முறை அணைந்து எரிந்தது. பெண் சம்மதிக்கிறாள் என்று அர்த்தம். வழிகாட்டியை மறுநாளே பிடித்துவிட்டார்கள். விழா முடிந்த காலையில் ராணுவக்காரர்கள் படியேறி வந்து எர்மீனியோவைக் கூட்டிப்போனார்கள். பதினொரு மாதம் கழித்து, ஆப்பிரிக்காவின் கினியில் ஓர் ஆற்றங்கரையில், எர்மீனியோ கண்ணிவெடியை மிதித்தான்.

ஒலிம்பியாவோடு அபீலியோ நாற்பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

"இதைப் போய் இப்ப ஏண்டா?" என்றார் லொரென்சோ. "நாம ரெண்டு பேரும் அதைப் பேசவே கூடாதுன்னுதானே..."

"மார்ச் மாசம் ஆஸ்பத்திரியில ஒலிம்பியாகிட்ட சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்கிட்டு அவளை வழியனுப்ப முடியலை."

"என்ன சொன்னா?"

"விளக்கை அணைச்சுடு அபீலியோன்னா. அதுக்கப்புறம் ஒன்பது நாள் இருந்தா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை."

லொரென்சோ மூக்கைச் சிந்தினார். நாளைக்கு மேசை இருக்காது என்பது அவருக்கும் இப்போதுதான் உறைத்தது.

"சரி, நடத்து. ஆனா பல்தசார் இல்லையே?"

"வருவான்" என்றார் அபீலியோ.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

எழுந்து நின்று, பழைய முறைப்படி சொன்னார். "எர்மீனியோ வீட்டைவிட்டுப் போகணும்னு கேட்கிறான். வீடு என்ன சொல்லுது?"

லொரென்சோ மேசையில் தட்டினார்.

டொக்.

மெழுகுவத்தியின் சுடர் படுத்து எழுந்தது. நனைந்த கம்பளி வாடை தொண்டைவரை வந்து அடைத்தது. கீழே தெருவில் கேட்டுக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்களின் பேச்சு, கதவைச் சாத்தினாற்போல் நின்றது.

எதிரே, காலி நாற்காலிக்கு முன்னால்,

டொக்.

அதில் ஓர் உலோகச் சத்தம் கலந்திருந்தது. பல்தசார் சாகும்வரை கழற்றாத அந்தத் தடித்த மோதிரம்.

"கன்னி மாதாவே" என்று லொரென்சோ முணுமுணுத்தார். ஆனால் நாற்காலியைவிட்டு எழவில்லை.

தலைமாட்டு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ பின்னால் தள்ளி எழுந்த சத்தம். பலகைத் தரையில் இரண்டு காலடிகள் கதவை நோக்கி நடந்து, நிலைப்படியில் நின்றன.

காத்திருந்தன.

இன்னும் ஒரே ஒரு தட்டல். அபீலியோவின் கண்கள் நிறைந்தன. ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் தூக்கத்தில் தட்டிய தட்டு. கையை ஓங்கி, முட்டி நோக மேசையில் தட்டினார்.

சத்தம் வரவில்லை.

மறுபடி தட்டினார். முட்டி மரத்தில் பட்டது, வலித்தது. சத்தம் வரவில்லை.

முஷ்டியை மடக்கிக் குத்தினார். தோல் உரிந்தது. பஞ்சு மூட்டையில் குத்தியதுபோல் அறை அமைதியாக இருந்தது.

"தட்டுடா" என்றார் லொரென்சோ. "அவன் நிக்கிறான்டா. தட்டேன்!"

"தட்டிக்கிட்டுத்தானேடா இருக்கேன்!"

லொரென்சோ மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்து அவரையே பார்த்தார்.

"கையை மேலே எடு அபீலியோ."

"என்ன?"

"மேசைக்குக் கீழே வெச்சிருக்கிற கையை மேலே எடுடா."

அபீலியோ தன் கையைப் பார்த்தார். அது மேசைமேல்தான் இருந்தது. முட்டியில் ரத்தம் கசிந்தது. அது அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. மேசைக்கு அடியில், தன் தொடைமேல், இன்னொரு கையின் கனத்தை அவர் அப்போது உணர்ந்தார். சூடாக, வழவழவென்று, இளமையாக இருந்தது அது.

"தட்டிடுடா" என்று அதனிடம் கிசுகிசுத்தார். "கெஞ்சிக் கேக்கிறேன். அவன் போகட்டும்."

அது அசையவில்லை.

அந்தக் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இன்று தட்டினால் வெள்ளிக்கிழமை இல்லை. ஜன்னல் இல்லை. மூன்று முறை அணைந்து எரியும் அந்த விளக்கு இல்லை. அபீலியோ ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த ஜன்னலை நினைத்தார். அங்கே தெரிந்த ஒலிம்பியாவின் இருபது வயது முகத்தை நினைத்தார். ஆம், அதை விட்டுக்கொடுக்க இப்போதும் தனக்கு மனமில்லை என்று கண்டுகொண்டார்.

நிலைப்படியில் நின்ற காலடிகள் திரும்பின.

அவசரமில்லாமல், கோபமில்லாமல், பலகை பலகையாக நடந்து வந்தன.

நாற்காலி முன்னே இழுபட்டது. யாரோ உட்கார்ந்தார்கள்.

மெழுகுவத்தி அணைந்தது.

இரண்டு கிழவர்களும் எப்படிக் கீழே இறங்கினார்கள் என்று பிறகு இருவருக்குமே நினைவில்லை. தெருவில் வெயில் இன்னும் இருந்தது. மணி ஆறாகவில்லை. தெல்மா கைப்பேசியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா டாக்டர்? மேல இன்னும் யாராவது இருக்காங்களா?"

லொரென்சோ வாயைத் திறந்தார். அபீலியோ முந்திக்கொண்டார். "யாரும் இல்லைம்மா. பூட்டிக்கோ."

அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். சாவியை இன்னும் துளையில் நுழைக்கவில்லை. அதற்குள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கனத்த இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று சரிந்து விழுந்தது.

தெல்மா கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. "இதுல தாழ்ப்பாளே கிடையாதே" என்றாள். "நேத்துத்தான் கழட்டி என் கார்ல போட்டேன்."

மாடியில், சாத்திய ஜன்னல் பலகைக்குப் பின்னால், யாரோ சிரித்தார்கள். கவலையற்ற, பிரியமான, இருபத்திரண்டு வயதுச் சிரிப்பு. பல்தசாருடையது அல்ல. எர்மீனியோவுடையதும் அல்ல.

லொரென்சோ மெல்லத் திரும்பி அபீலியோவின் முகத்தைப் பார்த்தார். அவருடைய உதடுகள் இறுக மூடியிருந்தன. பிறகு, அதுவரை பிடித்திருந்த நண்பரின் முழங்கையை விட்டுவிட்டு, லொரென்சோ தனியாகத் தெருப்படிகளில் இறங்கத் தொடங்கினார்.