மந்தை மிதிக்காத இடம்

கெல்வின் லாரியை நிறுத்தியபோது நொரீன் வேலியோரம் நின்றிருந்தாள். அவளுடைய பண்ணையில் மழைநீர் தேக்கும் மண்ணணையைத் தூர் வாரியவன் அவன்தான். இயந்திரக் கை கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. அடித்தரையின் நடுவில் களிமண் அடுக்கு கிழிந்துபோனது. இனி மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. நிற்காவிட்டால் ஆடுகள் எல்லாம் அடிமாட்டு விலைக்குப் போகும். பண்ணையும் அதோடு போகும்.

கிழிசலை அடைக்க அந்தப் பக்கத்தில் தெரிந்த வழி ஒன்றுதான். புதுக் களிமண் கொட்டி, நனைத்து, மந்தையை உள்ளே அடைத்து மிதிக்கவிட வேண்டும்.

"ஆடுங்க எப்படி மிதிக்குதுங்க?"

"வந்து பாரு. உன் கைவண்ணம்தானே."

"சாயங்காலம் பீர் கேக்காத கூலிங்க, நொரீன்."

அவள் சிரிக்கவில்லை.

கரைமேல் ஏறினார்கள். வெயில் சாய்ந்திருந்தது. சேறும் ஆட்டு மூத்திரமும் கலந்த வாடை. மந்தை சுற்றிச் சுற்றி நடந்தது. நடுவில், கிழிந்த இடத்தில், ஒரு வட்டம். அதில் ஒரு குளம்புத் தடம்கூட இல்லை.

மந்தையை அதற்குள் விரட்ட கெல்வின் தன் நாயை ஏவினான். அது வட்டத்தின் விளிம்புவரை ஓடி, வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"உங்க வீட்டுக்காரரு அங்கதான மாட்டினாரு?"

"ம். சேத்துல சிக்கின ஆட்ட இழுக்கப் போனாரு. ஆடு பொழச்சுது."

அவள் கணவர் வெர்னின் உடலை எடுத்து ஊர்க் கல்லறையில்தான் புதைத்தார்கள். சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் கெல்வினும் ஒருவன்.

"தப்பு என்னோடது. நானே மிதிக்கிறேன்."

வட்டத்துக்குள் இறங்கினான். பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்தான். களிமண் இறுகியது. மறுபடி மிதித்தான்.

கீழேயிருந்து திருப்பி மிதித்தது.

அவன் நின்றான்.

அது நிற்கவில்லை.

உள்ளங்காலில் அடி விழுந்துகொண்டே இருந்தது. பூட்ஸ் அளவு அடி. ஆடுகள் நடப்பதை நிறுத்தியிருந்தன.

"நொரீன்," என்றான், மூச்சுக் குரலில். "கீழ யாரோ..."

"தெரியும். நிறுத்தாத. ரெண்டு பக்கமும் இறுகினாத்தான் தண்ணி நிக்கும்."

அவன் மிதித்தான். இருட்டும்வரை மிதித்தான்.

குளிர்காலத்தில் மழை வந்தது. அணை நிறைந்தது, ஒழுகவில்லை. ஆடுகள் பிழைத்தன. கெல்வின் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

வெளியே புல்லெல்லாம் உறைபனி படர்ந்திருந்த ஒரு காலையில் நொரீன் சமையலறைக் குழாயைத் திறந்தாள். அணையிலிருந்து நேராக வரும் தண்ணீர்.

ஆள் உடம்புச் சூட்டில் இருந்தது.

அவள் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள்.