தேக்கு வந்த ஆண்டு

மேல்வானத்துச் செம்மை கரைந்து, கீழ்வானில் பௌர்ணமிச் சந்திரன் தலைகாட்டுவதற்குச் சற்று முன்னர், மணியாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், புன்னை மலர்கள் மிதந்து அசையும் நெய்தலூர்த் துறையிலே, கையில் தீவட்டியோடு வணிகன் ஒருவன் படகிலிருந்து இறங்கினான். வாசக அன்பர்களே, அந்தப் பட்டுத் தலைப்பாகையைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள்! அவன் பகைநாடான வெண்குன்றத்தின் துறைமுக அதிகாரி இளங்காரி. சந்திரன் எழுந்ததும் அவன் தீவட்டியைத் தலைக்கு மேல் உயர்த்தினால் போதும்; நாணற்புதரில் பதுங்கியிருந்த வீரர்கள் எரியம்பு எய்து நெய்தலூரின் மரக்கிடங்கைச் சாம்பலாக்கிவிடுவார்கள். பிறகு போர்தான்.

இத்தனைக்கும் வெண்குன்றத்து இளவரசி நீலமங்கை இந்த நாட்டு இளவரசருக்கென்று நிச்சயிக்கப்பட்டிருந்தவள். சென்ற மாதம் அரசவையில் இளங்காரி மார்தட்டிப் பேசிய பேச்சுதான் அதைக் குலைத்தது.

"அரசே! முன்பெல்லாம் கடல் கடந்து வரும் தேக்கு இரு நாட்டுத் துறைகளிலும் ஏறக்குறைய ஒத்திருந்தது. நம் துறைக்கு வருவது இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அவர்கள் துறையிலோ இவ்வாண்டு ஐந்து மடங்கு! போர்க்கலம் கட்டவன்றி வேறெதற்கு?"

அரசர் மணத்தை முறித்தார். திரைக்குப் பின்னே இளவரசி விம்மியது இளங்காரியின் காதில் விழத்தான் செய்தது. பாராட்டு மயக்கத்தில் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

கிடங்கிலே வானுயர அடுக்கியிருந்த மரங்களுக்கிடையே, ஓர் இளைஞர் தனியாக ஒரு தேக்கைத் தடவிக்கொண்டு நின்றார்.

"வாரும் வணிகரே! இவை விற்பனைக்கு அல்லவே" என்றார்.

"திடீரென்று இவ்வளவு தேக்கு எதற்கென்று வியந்தேன், ஐயா."

"திடீரென்றா!" இளைஞர் கசப்பாகச் சிரித்தார். "பச்சைத் தேக்கு நீரில் மூழ்கிவிடும். ஆகையால் காட்டிலே பட்டையைச் சுற்றி உரித்து, நின்ற நிலையிலேயே மூன்று ஆண்டு காயவிட்டு வெட்டுவார்கள். பிறகுதான் ஆற்றில் மிதக்கவிடுவார்கள். இன்று வந்திறங்கிய மரம் அன்று கேட்ட மரம். என் திருமணம் நிச்சயமானதும் நானே கப்பலேறிப் போய்த் தேர்ந்தெடுத்தேன். மலைக்காற்றில் வளர்ந்த நீலமங்கைக்கு இந்தக் கடலோர வெக்கை ஆகாது. அவருக்காக ஆற்றின்மேல் ஒரு மாளிகை கட்ட நினைத்தேன். இனி அவர் வரப்போவதில்லை. ஆனாலும் வேறொன்றுக்கு இதை அறுக்க மனம் வரவில்லை."

அவர்தாம் நெய்தலூர் இளவரசர் பரிதிவேள்!

இளங்காரிக்குக் காது மடல்கள் கொதித்தன. கப்பல் வந்த ஆண்டைப் பார்த்தானே, மரத்தை எந்த ஆண்டு கேட்டார்கள் என்று யாரிடமாவது வாய் திறந்து விசாரித்தானா? துறைமுகத்திலேயே பிறந்து வளர்ந்தவன் என்ற இறுமாப்பு! காட்டைக் கண்ணாலும் பார்த்ததில்லை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

கடலின் விளிம்பில் சந்திரன் எழுந்தது. நாணற்புதரில் ஏதோ அசைந்தது.

இளங்காரி ஓடிப்போய்த் தீவட்டியை ஆற்றுக்குள் அமிழ்த்தினான். அது சீறி அவிந்தது. திரும்பி வந்து மண்டியிட்டான்.

"இளவரசே, நான் வணிகன் அல்லன்; வெண்குன்றத்தின் துறைமுக அதிகாரி. இந்தத் தேக்கு போர்க்கலத்துக்கென்று அவையில் சொல்லித் தங்கள் மணத்தை முறித்த நாக்கு என்னுடையது. தங்களை ஏறிட்டுப் பார்க்கவும் கூசுகிறது. என்னைச் சிறையிடுங்கள்."

பரிதிவேளின் கை உடைவாளுக்குப் போயிற்று. நெடுநேரம் அங்கேயே நின்றது. பிறகு மெல்லத் தாழ்ந்தது.

"சிறையிலிருந்து நீர் யாரிடம் உண்மையைச் சொல்வீர்?"

அந்தக் கேள்வி வாளைவிட ஆழமாக இறங்கியது. இளங்காரி தலைப்பாகையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தான்.

"பெருமையடித்த அதே அவையில், இளவரசியார் கேட்க, என் அறியாமையைச் சொல்வேன். இந்த மணம் கூடும்வரை என் தலையில் பாகை ஏறாது. இது ஆணை!"

படகு விலகியது. வெறுந்தலையோடு அவன் துடுப்பு வலித்தான். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. கரையிலிருந்து இளவரசரின் குரல் வந்தது.

"அதிகாரியாரே! பாகை என்னிடமே இருக்கட்டும். பந்தற்காலில் அதைத்தான் கட்டப்போகிறேன், வந்து அவிழ்த்துக்கொள்ளும்!"

அதுவரை அடக்கியிருந்த அழுகை இளங்காரிக்கு அப்போதுதான் வெடித்தது.