ரேஷ்மா தொட்ட மவுஸ்

ரேஷ்மா மவுஸைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கோவில்பதாகையில் இருக்கும் அந்தத் தொடக்கப் பள்ளியில் நான்கு கணினிகள் உண்டு. செவ்வாய்க்கிழமை காலையில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குக் கணினி சொல்லித்தருவார்கள். ஆளுக்கு ஒரு பிள்ளை. சொல்லித்தரும் பிள்ளைகளை ஹேமாவதி மிஸ் 'குட்டி மிஸ்' என்றே கூப்பிடுவார்.

"என்னை மட்டும் குட்டி சார்னு சொல்லுங்க மிஸ்" என்பான் ஜோஸ்.

ஹெலினாவிடம் வந்த பிள்ளைதான் ரேஷ்மா.

"ஒரே ஒரு தடவ அமுக்கு ரேஷ்மா."

"வேணாம்க்கா. போன வாரம் அமுக்கினேன். எல்லாமே ஆஃப் ஆயிடுச்சு."

அது உண்மை. அவள் அமுக்கிய அதே நொடியில் நான்கு திரைகளும் கறுத்தன. மின்விசிறியும் நின்றது. "கரண்ட் போயிடுச்சு, வகுப்புக்குப் போங்க" என்றார் மிஸ். பிள்ளைகள் விடவில்லை. "எங்க ஊட்டு டிவிய தொட்டுடாத தாயே" என்று கும்பிட்டான் அவள் வகுப்பு நிர்மல்.

"கரண்ட் கட்டுன்னு மிஸ்ஸே சொன்னாங்கல்ல?" என்றாள் ஹெலினா.

"நான் அழக்கூடாதுன்னு அப்படிச் சொன்னாங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஒவ்வொருவரும் தன் பெயரைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, வகுப்புக் கதவில் ஒட்ட வேண்டும். முப்பத்தொரு பெயர்கள்.

"என் பேரு மட்டும் பேனாவுல இருக்கும்" என்றாள் ரேஷ்மா. குரல் மிகவும் சின்னதாக வந்தது.

ஜோஸ் ஹெலினாவின் காதருகே குனிந்தான். "நீயே அடிச்சுக் குடுத்துடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"அவளுக்குத் தெரியுமே" என்றாள் ஹெலினா.

பள்ளி விட்டதும் ஹெலினாவும் ரேஷ்மாவும் ஒன்றாக நடந்தார்கள். வழியில் இருந்த மாவு மில்லைப் பார்த்ததும் ஹெலினா நின்றாள். மில்லுக்காரர் ஏகாம்பரத்தின் புருவம் வரை மாவு படிந்திருந்தது.

"அண்ணே, போன செவ்வாக்கிழம இங்க கரண்ட் போச்சா?"

"ஏன் கேக்குற பாப்பா? மொளகா அரைச்சிகினு கீறேன், ஒம்போதரைக்கு மிசினு நின்னுப்போச்சு. பாதி மொளகாய கையால அள்ளி, சாயந்தரம் வரிக்கும் தும்மிகினு இருந்தேன்."

ஹெலினா பெருமையோடு திரும்பினாள். ரேஷ்மாவின் கண்களில் நீர் நிறைந்திருந்தது.

"அப்ப மில்லு நின்னதும் என்னாலதானா?"

ஹெலினா இதை எதிர்பார்க்கவில்லை.

"இன்னா சொல்லுது இந்தப் பொண்ணு?" என்றார் ஏகாம்பரம். ஹெலினா நடந்ததைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே யோசித்தாள்.

"அண்ணே, கரண்ட் போவும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மெசேஜ் வந்துச்சே. நான்தான் மறந்துட்டேன்." அவர் மாவுக் கையைத் துடைத்து, கைப்பேசியை எடுத்துக் காட்டினார்.

"ரேஷ்மா, நீயே படி."

ரேஷ்மா ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். "செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை முதல் மதியம் இரண்டு வரை, பராமரிப்புப் பணிக்காக மின்தடை."

"மெசேஜ் எப்ப வந்துச்சு?"

"போன வாரம் திங்கக்கிழம. சாயந்தரம் அஞ்சு மணி."

"திங்கக்கிழம அஞ்சு மணிக்கு நீ மவுஸ தொட்டியா?"

"இல்லையே. டியூஷன்ல இருந்தேன்."

"நீ தொடுறதுக்கு முந்தின நாளே இது வந்திருக்கு."

ரேஷ்மா மறுபடியும் படித்தாள். பிறகு தன் விரலையே நெடுநேரம் பார்த்தாள்.

"அப்ப நான் இல்ல."

"நீ இல்ல."

"உன் விரலுக்கு அம்மாம் பவர் இருந்தா, கரண்ட் ஆபீஸ்காரன் உன்ன தூக்கினு போயிருப்பான்" என்றார் ஏகாம்பரம். ரேஷ்மா சிரித்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரேஷ்மா மவுஸைப் பிடித்தாள். திரையில் அம்பு நடுங்கியது. உதவிக்குப் போய்விடாமல் இருக்க, ஹெலினா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ரேஷ்மா அமுக்கினாள். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

முதல் எழுத்தைத் தேடவே ஒரு நிமிடம் ஆனது. ஜோஸால் பொறுக்க முடியவில்லை. "அதோ..." என்று ஆரம்பித்தான்.

"அவளே தேடட்டும் குட்டி சார்."

ஆங்கிலத்தில் ஆறு எழுத்துகள். ஐந்து நிமிடங்கள். அச்செடுத்த தாள் சூடாக வெளியே வந்தது. ரேஷ்மா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

ரேஷ்மா மெசேஜ் படித்த கதையைச் சொன்னதும், ஹேமாவதி மிஸ் ஹெலினாவின் தோளில் கை வைத்தார். "எனக்கு இது தோணவே இல்லியேம்மா. எப்படி யோசிச்ச?"

ஹெலினாவுக்குக் கூச்சமாக இருந்தது. "மெசேஜ் மில்லுக்காரருக்குத்தான் மிஸ் வந்துச்சு" என்றாள்.

முப்பத்தொரு பெயர்களும் வகுப்புக் கதவின் வெளிப்பக்கத்தில் ஏறின. கதவைத் திறந்து வைத்தால் அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பெயர்கள் மறைந்துவிட்டன.

அன்று மதியம் முழுவதும், யார் கதவைத் திறந்து வைத்தாலும், ரேஷ்மா எழுந்து போய் மூடிவிட்டு வந்தாள்.