தண்டுநாடா

தண்டுநாடா வந்த பிறகு ராயபுரத்தில் யாருக்கும் கூன் விழுவதில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை தோலுக்கடியில் பதிக்கப்படும் மெல்லிய பட்டை அது. உடம்பில் எந்தத் தசை தப்பாக இழுத்தாலும் அந்தக் கணமே சிறு மின்துடிப்பால் திருத்திவிடும். மீன்கூடை தூக்குபவர்களுக்கு இடுப்புவலி போனது. ஓட்டக்காரர்களுக்கு வேகம் கூடியது.

நாடாவுக்குச் சரியான அசைவுகளைக் கற்றுக்கொடுத்தவர்களில் பிலாட்டிஸ் என்னும் உடற்பயிற்சியைச் சொல்லித்தரும் எமல்டாவும் ஒருத்தி. தனக்குப் பதித்துக்கொண்டதோடு கணவன் பெர்க்மான்ஸுக்கும் அவள்தான் பதிக்கச் செய்தாள். தோள் கெட்டு மேடையை விட்ட குத்துச்சண்டைக்காரன் அவன். வலிக்காகக் குடித்தான், குடித்துவிட்டு அவளை அடித்தான். வலி போனால் அடியும் போகும் என்று நம்பினாள்.

வலி போனது. மேடையேறி அடுத்தடுத்து வென்றான். முதல்முறை தோற்ற அன்று மாலை குடித்துவிட்டு வந்தான்.

"ஊரே சிரிக்குது. பொண்டாட்டி நாடா போட்டுவிட்டும் தோத்துட்டான்னு."

"உக்காருங்க. சோறு போடுறேன்."

முன்பெல்லாம் போதையில் தடுமாறுவான். பாதி அடி காற்றில் போகும். இன்று தடுமாறவில்லை. நாடா அவன் குதிகாலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளை நிறுத்தியது. எல்லாம் அவள் கற்றுக்கொடுத்த வரிசை. விலா எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

குனிந்து முகத்தை மறைக்கப் பார்த்தாள். அவளுடைய நாடா விடவில்லை. ஒடுங்குவது அதற்குத் தப்பான அசைவு. தோளை இறக்கி, கழுத்தை நிமிர்த்தி, அடுத்த குத்துக்கு முகத்தை நேராகக் காட்டியது. பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம்.

கைக்கு எட்டியது தோசைக்கல். விலா முறிந்தவளால் அதைத் தூக்கியிருக்க முடியாது. நாடா தூக்கவைத்தது. மூச்சு வெளியேறியது, வயிறு இறுகியது, கல் அவன் தாடையில் இறங்கியது. விழும்போதும் அவன் முதுகு வளையவில்லை. பின்மண்டை நேராகத் தரையில் மோதி உடைந்தது. அத்தோடு முடிந்தான்.

காவல் நிலையத்தில் ஆய்வாளர் செங்கமலம் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரே அடி. கை துளிகூட நடுங்கல. பயந்துபோய் அடிச்சேன்னு சொல்ற. பயந்தவ இப்படியா நிப்பா?"

சுருண்டு தரையில் உட்கார எமல்டா எவ்வளவோ முயன்றாள். முழங்கால்கூட மடங்கவில்லை. தோள் விரித்து, தலை நிமிர்த்தி, முழு உயரத்துக்கு நின்றபடி சொன்னாள்.

"ரொம்பப் பயமா இருக்கு மேடம்."