பச்சை மட்டை அகராதி

"கனகரெத்தினம் சேர், அகராதியக் காணல்ல!"

ஜுனைதா ரீச்சர் வகுப்பு வாசலில் நின்று கத்தினாள். கல்முனைக்குத் தெற்கே இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எண்பத்தோராம் ஆண்டில் வந்துசேர்ந்த ஒரே தமிழ் அகராதி அது. பச்சை மட்டை, பொன் எழுத்து. அதை வைத்து ஏழாம் வகுப்புக்குப் புதையல் வேட்டை நடத்தியிருந்தாள். காகிதத் துண்டில் ஒரு கடினமான சொல் இருக்கும். அகராதியில் பொருள் பார்த்து, அது சொல்லும் இடத்துக்கு ஓட வேண்டும். 'கூவல்' என்றால் கிணறு என்று கண்டுபிடித்ததும் வகுப்பே கிணற்றடிக்கு ஓடியது. திரும்பி வந்தால் பாயில் வைத்த அகராதி இல்லை.

கடைசியாக ஓடியவன் ஜவுபர். போதாதா பள்ளிக்கூட அதிபருக்கு? சத்தம் கேட்டு வந்து கத்தினார்.

"மணியடிக்க முன்னம் பொத்தகம் வரணும். இல்லாட்டி பள்ளிக்கூடத்துல இருந்து இவன்ட பேர வெட்டிருவன்!"

"அல்லாஹ்வுக்காக நான் எடுக்கல்ல ரீச்சர்" என்று அழுதான் ஜவுபர். ஜுனைதா அவனை நம்பினாள். அவன் குறும்பன்தான், கள்ளன் இல்லை.

கணக்கு வாத்தியார் கனகரெத்தினம் பாண்டிருப்புக்காரர். பதறத் தெரியாத மனிதர். வகுப்பை ஒருமுறை சுற்றி வந்து, கட்டை அலுமாரியோரம் கிடந்த வாங்குப் பலகையின் முன் நின்றார்.

"ரீச்சர், இத இங்க இழுத்தது ஆரு?"

"நான் இல்ல சேர். காலையில சுவரோரமா கிடந்திச்சு."

வாங்கின் மேல் ஈரமணல் ஒட்டிய சின்னக் கால்தடங்கள்.

"ஜவுபர்ர காலா இது?" என்றாள் ஜுனைதா பயந்தபடி.

"அவன்ட காலுல பாதி கூட இல்ல இது. அவன் செருப்போட வேற நிக்கிறான். இந்த நேரத்துல கிணத்தடியில கால் கழுவிட்டு வாறது ஆரு?"

"குர்ஆன் ஓதுற பாடத்துக்குப் போற ஒண்டாம் வகுப்புப் புள்ளைகள்."

"ஓம். எழுத்து வாசிக்கத் தெரியாத புள்ள. பொன் எழுத்துப் போட்ட பெரிய பொத்தகம் பாயில, ஆக்கள் மிதிக்கிற இடத்துல கிடந்தா அது என்ன செய்யும்?"

ஜுனைதா வாங்கின் மேலாக எட்டிப் பார்த்தாள். அலுமாரியின் மேல், தேசப்படச் சுருள்களுக்குப் பின்னால், அகராதி பத்திரமாக இருந்தது.

ஒன்றாம் வகுப்பில் விசாரித்ததும் கை தூக்கிய சுஹறாவைக் கூட்டி வந்தார்கள்.

"நான்தான் வச்சன். குர்ஆன் கீழ கிடந்திச்சு."

"இது குர்ஆன் இல்ல மகள். சொல்லுக்குக் கருத்துப் பாக்கிற பொத்தகம்" என்றாள் ஜுனைதா.

"பொத்தகம் எண்டாலும் காலடியில வைக்கிறதா ரீச்சர்?"

ஜுனைதாவுக்குக் கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது. அகராதியைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தாள். ஜவுபர் ஆசையோடு கை நீட்டினான்.

"கையக் கழுவிட்டு வாங்க காக்கா" என்று அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் சொன்னாள் சுஹறா.

ஜவுபர் கிணற்றடிக்கு ஓடினான். அதிபர் பின்னாலேயே போய், தானே வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி, அவன் கையில் ஊற்றினார்.